ஆடாதவன் அலமாரி

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். எங்கள் வீட்டு பேஸ்மென்ட் கோணல் இல்லை. சுவரோடு ஒட்டி, மட்டப்பலகை வைத்துப் பார்த்து நிறுத்திய அலமாரியும் கோணல் இல்லை. அந்த அலமாரி நிறைய நடனப் பாட்டு இசைத்தட்டுகள். எழுபதுகளின் கடைசியிலும் எண்பதுகளிலும் நியூயார்க், நியூவார்க், சிகாகோ, டெட்ராய்ட், மான்செஸ்டர் கிளப்புகளில் ஜனங்களை விடிய விடிய ஆடவைத்த பன்னிரண்டு அங்குல சிங்கிள்கள். அவற்றுக்குச் சொந்தக்காரனான நான் இதுவரை ஆடியதில்லை. என் கல்யாண ரிசப்ஷனில் நண்பர்கள் இரண்டு பக்கமும் கையைப் பிடித்து இழுத்தபோது உடம்பில் ஏற்பட்ட அசைவுக்கு வேறு பெயர். அது தப்பித்தல்.

அந்த இசை பொங்கிக்கொண்டிருந்த காலத்தில் நான் கும்பகோணத்தில் அரைக்கால் சட்டை போட்டுக்கொண்டு வாய்ப்பாடு ஒப்பித்துக்கொண்டிருந்தேன். டிஸ்கோ என்றால் எங்கள் தெருவுக்கு 'சகலகலா வல்லவன்' கமல்தான். பிறகு மென்பொருள் வேலை, விசா, எடிசன், வீட்டுக்கடன் என்று நியூ ஜெர்சித் தமிழனுக்கு விதித்த எல்லாம் முறைப்படி நடந்தன. கூட வந்த நண்பர்கள் பங்குகளைச் சேர்த்தார்கள், இரண்டாவது வீட்டைச் சேர்த்தார்கள். நான் வட்டமாக, கறுப்பாக, நடுவில் ஓட்டையோடு இருப்பதைச் சேர்த்தேன். வீட்டுக்காரி இதை "உங்க எல்.ஐ.சி." என்பாள். முதிர்வுத் தேதி கேட்பாள்.

ஊரில் இதைப் பற்றிப் போன செய்தி வேறு மாதிரிப் போய்ச் சேர்ந்தது. போனில் அவள் தன் அத்தையிடம், "அவருக்கு டான்ஸ் ரெக்கார்டுன்னா உசுரு" என்று சொல்லப்போக, மாப்பிள்ளைக்கு அமெரிக்காவில் ரெக்கார்ட் டான்ஸ் பழக்கம் உண்டு என்று வலங்கைமான் வரை பேச்சு. அதை நேரில் விசாரிக்கத்தான் மாமனார் ஆறு மாதத் தங்கலுக்கு வந்திருக்கிறார் என்று எனக்குச் சந்தேகம். கூட்டுறவு வங்கியில் தணிக்கை பார்த்து ஓய்வுபெற்றவர். வந்த இரண்டாம் நாளே பேஸ்மென்ட்டில் இறங்கி ஒரு தட்டை உருவி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

"மாப்பிள்ளை, ஒரு பக்கத்துக்கு ஒரு பாட்டுதானா?"

"ஆமாம் மாமா."

"எங்க வீட்டு எல்.பி.ல ரெண்டு பக்கமும் சேர்த்துப் பன்னெண்டு பாட்டு இருக்கும். அளவு இதே அளவுதான்."

"அந்தப் பக்கம் திருப்பிப் பாருங்க."

திருப்பினார். அங்கே அதே பாட்டு. பாடகர் வாயை மூடிக்கொண்ட வடிவம். அதற்குக் கீழே இன்னொன்று, எதிரொலி போட்டு எலும்பு மட்டும் மிச்சம் வைத்த 'டப்' வடிவம். கண்ணாடியை இறக்கி என்னைப் பார்த்தார். வராக்கடன் கணக்கைப் பார்த்த பார்வை.

அவருக்கு நான் சொன்ன கதை இது. எழுபதுகளின் நடுவில் நியூயார்க்கில் டாம் மோல்டன் என்ற மிக்ஸிங் நிபுணர், தன் பாட்டை மாதிரித் தட்டில் வெட்டித்தரச் சொல்லி ஹோசே ரோட்ரிகஸ் என்ற எஞ்சினியரிடம் போனார். வழக்கமான ஏழு அங்குல வெறும் தட்டு கையிருப்பில் இல்லை. பெரிய தட்டில் வெட்டினால், இத்தனை பெரிய இடத்தில் பாட்டு ஓர் ஓரமாக ஒண்டிக்கொண்டு கிடந்தது. இடம்தான் இருக்கிறதே, பள்ளங்களைப் பரப்பி வெட்டு என்றார் மோல்டன். பள்ளம் அகலமானதும் சத்தத்தைக் கூட்ட முடிந்தது. அடிநாதம் நெஞ்சில் இடித்தது. ஏழு அங்குலத்தில் ஊசி துள்ளிவிடும் என்று அடக்கி வைத்த டிரம்மையெல்லாம் இதில் அவிழ்த்துவிடலாம். கிளப்புக்குத் தேவைப்பட்டது அதுதான்.

மாமனார் பொறுமையாகக் கேட்டார். "ஆக, ஸ்டாக் தீர்ந்துபோனதால வந்த வினை" என்றார். பல புத்தகங்கள் சுற்றி வளைத்துச் சொல்வதை ஒரு தணிக்கைக் குறிப்பில் அடக்கிவிட்டார்.

1976-இல் சால்சோல் கம்பெனி, டபுள் எக்ஸ்போஷர் குழுவின் 'டென் பெர்சென்ட்' பாட்டை இந்த அளவில் கடைக்கே கொண்டுவந்தது. பொதுமக்கள் விலை கொடுத்து வாங்கிய முதல் பன்னிரண்டு அங்குல சிங்கிள் என்று அதைத்தான் சொல்வார்கள். வால்டர் கிப்பன்ஸ் என்ற டி.ஜே. அதை ஒன்பது நிமிடத்துக்கு மேல் இழுத்தார். பாட்டை நிறுத்திவிட்டு டிரம்மும் காங்காவும் மட்டும் பேசிக்கொள்ளும் பகுதிக்கு 'பிரேக்' என்று பெயர். நம் கச்சேரியின் தனி ஆவர்த்தனம்தான். ஒரே வித்தியாசம், மியூசிக் அகாடமியில் தனி ஆரம்பித்தால் ஜனம் கேன்டீனுக்கு எழுந்து ஓடும். அங்கே பிரேக் வந்தால் பாரில் நிற்பவன் கிளாஸை வைத்துவிட்டுத் தளத்துக்கு ஓடுவான்.

பாரும் எல்லா இடத்திலும் இருந்ததில்லை. நியூயார்க் கிங் ஸ்ட்ரீட் 84-ஆம் எண்ணில், பழைய கார் நிறுத்தும் கட்டடம் ஒன்றில் இருந்த பாரடைஸ் கராஜில் மது கிடையாது. லாரி லெவன் அங்கே தட்டு சுழற்றினார். ரிச்சர்ட் லாங் அமைத்த ஒலிபெருக்கிகளைப் பற்றி இன்றும் ஜனம் கோயில் கோபுரத்தைப் பற்றிப் பேசும் குரலில் பேசுகிறது. அங்கே ஆட வந்தவர்கள் பெரும்பாலும் கறுப்பின, லத்தீன் இளைஞர்கள். அவர்களில் பலர் தன்பாலீர்ப்பினர். வெளியே எங்கும் நிம்மதியாக ஆட முடியாதவர்கள். டானா கார்டனர் பாடிய 'ஹார்ட்பீட்' பாட்டை லெவன் 1981-இல் முதலில் போட்டபோது, வேகம் போதவில்லை என்று தளம் காலியாகிவிட்டது என்பார்கள். அவர் விடவில்லை. பிடிக்கிற வரைக்கும் போட்டுக்கொண்டே இருந்தார். என் வீட்டிலும் அந்த முறையைத்தான் பின்பற்றி வருகிறேன். தளம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.

1987-இல் கராஜை மூடினார்கள். எய்ட்ஸ் அந்தத் தலைமுறையை அள்ளிக்கொண்டு போனது. கிப்பன்ஸ் 1994-இல் அதில்தான் இறந்தார். கராஜ் சேலில் தெருவுக்கு வந்து கிடக்கும் சில பெட்டிகளைத் திறக்கும்போது இது நினைவுக்கு வரும். அன்று மட்டும் நான் பேரம் பேசுவதில்லை.

எங்கள் ஜெர்சிக்கும் இதில் பங்கு உண்டு. நம்மவர்களுக்கு நியூவார்க் என்றால் ஏர்போர்ட். ஊறுகாய் பாட்டிலோடு வரும் அம்மாவை அழைத்துவரும் இடம். அதே நியூவார்க்கில் பிராட் ஸ்ட்ரீட் மோட்டல் ஒன்றுக்குள் ஸான்ஸிபார் என்ற கிளப் இருந்தது. டோனி ஹம்ஃப்ரீஸ் அங்கே வாசித்த வகைக்கு 'ஜெர்சி சவுண்ட்' என்று பெயரே வந்துவிட்டது. உறவினர்களை ஏர்போர்ட்டிலிருந்து கூட்டிவரும்போது இதைச் சொல்லத் தொடங்குவேன். "அவங்க இருபது மணி நேரம் பிளைட்ல வந்திருக்காங்க, விட்டுடுங்க" என்று பின் சீட்டிலிருந்து குரல் வரும்.

இந்தத் தட்டுகள் ஏன் இத்தனை அரிதாயின என்பதற்கு ஒரு வெடிச்சத்தம் காரணம். 1979 ஜூலை 12, சிகாகோவின் கோமிஸ்கி பார்க் பேஸ்பால் மைதானம். டிஸ்கோவைப் பிடிக்காத ரேடியோக்காரர் ஸ்டீவ் டால் ஏற்பாடு. ஒரு டிஸ்கோ ரெக்கார்டைக் கொண்டுவந்தால் டிக்கெட் 98 சென்ட். இரண்டு ஆட்டங்களுக்கு நடுவே பெட்டி நிறையத் தட்டுகளை மைதானத்தில் வைத்து வெடித்தார்கள். கூட்டம் உள்ளே பாய்ந்ததில் இரண்டாவது ஆட்டம் நடக்கவே இல்லை. எது எதெல்லாம் அந்தப் பெட்டிக்குள் போயிற்றோ என்று நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரியும். வீட்டுக்காரிக்கோ அந்த ஸ்டீவ் டால் மேல் ஒரு மரியாதை.

பெரிய கம்பெனிகள் டிஸ்கோ என்ற பெயரையே கைகழுவின. ஆடுகிறவர்கள் ஆடுவதை நிறுத்தவில்லை. அதனால் சின்ன லேபிள்கள் தலையெடுத்தன. கொஞ்சம் பிரதி அடித்து, காரின் டிக்கியில் ஏற்றி, கடை கடையாகக் கொடுத்து விற்றார்கள். அந்த மைதானத்தில் அன்று டிக்கெட் பார்த்து இருக்கை காட்டும் வேலையில் இருந்த கறுப்பினப் பையன் வின்ஸ் லாரன்ஸ். ஐந்து வருடம் கழித்து, 1984-இல், ஜெஸ்ஸி சாண்டர்ஸ் என்ற டி.ஜே.யோடு சேர்ந்து 'ஆன் அண்ட் ஆன்' எழுதினார். ஹவுஸ் என்ற இசை வகையில் தட்டாக வந்த முதல் பாட்டு என்று அதைத்தான் பலரும் சொல்கிறார்கள். அதுவும் எப்படி? சாண்டர்ஸ் தன் ஆட்டத்துக்கு முத்திரையாக வைத்திருந்த ஓர் அபூர்வத் தட்டை யாரோ திருடிவிட்டார்கள். போனால் போகிறது, நானே ஒன்று செய்கிறேன் என்று செய்ததுதான் அது. ஒரு சேகரிப்பாளனின் வயிற்றெரிச்சலில் ஓர் இசை வகை பிறந்திருக்கிறது. என் வயிற்றெரிச்சலில் கிரெடிட் கார்டு பில் மட்டும்தான் பிறக்கிறது.

இனி, எனக்குள்ளேயே தீராத வழக்குக்கு வருகிறேன்.

சேகரிப்பாளர்களின் உலகில் தட்டுக்கு ஜாதகம் உண்டு. கீறல் இல்லாமல், கடையிலிருந்து இப்போதுதான் வந்த மாதிரி இருந்தால் 'நியர் மின்ட்'. விலை உச்சிக்குப் போகும். கீறல், கரகரப்பு, லேபிளில் பேனாக் கிறுக்கல் என்று ஏற ஏற விலை இறங்கும். டிஸ்காக்ஸ் இணையத்தளம் 2000-இல் ஆரம்பித்ததே மின்னிசைத் தட்டுகளைப் பட்டியலிடத்தான். இன்று அதில் விலையைப் பார்த்துவிட்டுத்தான் எனக்குக் காபியே இறங்கும். யோசித்துப் பாருங்கள். ஆடுவதற்காகவே செய்த தட்டு. அது பளபளவென்று இருக்கிறது என்றால் அதை வைத்து யாரும் ஆடவில்லை என்று அர்த்தம். போட்டுப் பார்த்து, பிடிக்காமல், உறைக்குள் தள்ளிவிட்டிருப்பார்கள். நாற்பது வருடம் கழித்து, எந்தத் தட்டு தன் வேலையைச் செய்யவே இல்லையோ அதற்கு நான் மூன்று இலக்க டாலர் கொடுக்கிறேன். ஓடி ஓடித் தேய்ந்தவன் பத்து டாலர். அலுவலகத்தில் பதவி உயர்வும் இந்தக் கணக்கில்தான் நடக்கிறது என்பதால் எனக்கு இது பழகிப்போனது.

எட்டிப் பிடிக்கிற தூரத்தில் ஓர் உதாரணம் இருக்கிறது. 'ஹார்ட்பீட்' என்னிடம் இரண்டு பிரதி. ஒன்று நியர் மின்ட். மேலே பிளாஸ்டிக் உறை, அதற்கு மேலே என் சத்தியம். இன்னொன்று ஒரு கராஜ் சேலில் மழைக் கோட்டுகளுக்கு அடியிலிருந்து வந்தது. வெள்ளை உறையின் வலது மூலையில் யாரோ ஸ்டிக்கர் ஒட்டி, நிமிடத்துக்கு எத்தனை அடி என்று பென்சிலில் எழுதி, பிறகு அடித்து, ஒன்று குறைத்து எழுதியிருக்கிறார். லேபிளில் மெழுகு பென்சிலால் ஓர் அம்புக்குறி. ஊசியை வைத்தால் முதல் சில நொடி 'ஸ்ஸ்ஸ்' என்று வடை பொரியும் சத்தம். டி.ஜே.க்கள் பாட்டின் தொடக்கத்தைச் சரியாகப் பிடிக்க ஊசியின் அடியில் தட்டை முன்னும் பின்னும் தள்ளித் தள்ளித் தேய்த்த இடம் அது. அதைத் தாண்டியதும் பேஸ் இறங்குகிறது பாருங்கள், ஒரு குறையும் இல்லை. முதல் அடியில் மட்டும்தான் தேய்மானம். எத்தனை ராத்திரி, எத்தனை தடவை அந்த முதல் அடி! நான் கேட்பதெல்லாம் இந்தப் பத்து டாலர் பிரதியைத்தான். மற்றது இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வதோடு சரி.

தட்டை விளக்கடியில் சாய்த்துப் பிடித்தால் லேபிளுக்கும் கடைசிப் பள்ளத்துக்கும் நடுவே வழுவழுப்பான வளையம் தெரியும். மூலத் தட்டை வெட்டிய எஞ்சினியர் கையெழுத்துப் போடும் இடம். நியூயார்க்கின் ஃப்ராங்க்ஃபோர்ட் வெய்ன் கூடத்தில் வெட்டிய ஹெர்ப் பவர்ஸ் ஜூனியர் தன் பெயருக்குப் பக்கத்தில் சிரிக்கும் முகம் ஒன்றைக் கீறிவைப்பார். மூலப் பிரதிதானா, பின்னால் வந்த நகலா என்று பார்க்க அங்கேதான் பூதக்கண்ணாடி வைக்க வேண்டும். ஒரு ராத்திரி நான் அப்படிக் குனிந்திருந்தபோது வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள். "யாரோ சிரிக்கிறாங்களே" என்றாள். விளக்கினேன். "உங்களைப் பார்த்துத்தான் சிரிக்கிறாரு. நாப்பது வருஷம் முன்னாடியே தெரிஞ்சிருக்கு" என்றாள்.

அவளுடைய புகார்களில் நியாயம் இல்லை என்று சொல்ல மாட்டேன். இருபது பவுண்டு அரிசி மூட்டையைக் காரிலிருந்து இறக்கச் சொன்னால் முதுகுவலி. தட்டுப் பெட்டி என்றால் படி இறங்கி ஏறத் தெம்பு. தட்டுகளைக் கழுவ வாலை வடிநீர், அதில் கொஞ்சம் ஆல்கஹால், வெல்வெட் பிரஷ். கழுவியதைக் காயவைக்கப் பாத்திரம் கவிழ்க்கும் ஸ்டாண்டைவிடப் பொருத்தமான கருவியை மனித குலம் இன்னும் கண்டுபிடிக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாம்பார் கரண்டிக்கு இடமில்லாமல் போனதில் சின்னப் பேச்சுவார்த்தை நடந்தது. இப்போது ராத்திரி பத்துக்கு மேல் எனக்கு ஸ்டாண்டில் அனுபவ பாத்தியதை உண்டு. ஐகியா கடைக்காரர்கள் 2014-இல் எக்ஸ்பெடிட் அலமாரியை நிறுத்தியபோது உலகெங்கும் தட்டுச் சேகரிப்பவர்கள் புலம்பினார்கள். அந்தக் கட்டங்களில் பன்னிரண்டு அங்குலம் அச்சாக உட்காரும். புலம்பியவர்களில் நானும் ஒருவன். என் தாத்தா காலமானபோது இவர் இத்தனை வருந்தவில்லை என்று அவள் இன்றும் சொல்லிக் காட்டுகிறாள். அடுத்து வந்த காலக்ஸிலும் கட்டம் அதே அளவுதான் என்று தெரிந்த பிறகே சாப்பிட்டேன்.

"அட்டையில ஒரு படம்கூட இல்லையே" என்பது அவளது இன்னொரு குறை. உண்மை. இந்தத் தட்டுகள் பெரும்பாலும் மொட்டை உறையில், நடுவே ஓட்டையோடுதான் வந்தன. அழகாக ஒன்றைக் காட்டலாம் என்று நியூ ஆர்டர் குழுவின் 'ப்ளூ மண்டே'யை எடுத்தேன். 1983, மான்செஸ்டரின் ஃபாக்டரி லேபிள், ஃப்ளாப்பி டிஸ்க் மாதிரி பீட்டர் சாவில் வடிவமைத்த உறை. வெட்டி எடுத்த ஓட்டைகளுக்கு ஆன செலவில் விற்ற ஒவ்வொரு பிரதிக்கும் நஷ்டம் என்றே கதை உண்டு. பன்னிரண்டு அங்குல சிங்கிள்களில் அதைவிட அதிகம் விற்றது வேறில்லை. அவள் முன்னும் பின்னும் பார்த்தாள். "பேரு எங்க?" பெயர் எழுத்தில் இல்லை, ஓரத்தில் உள்ள வண்ணக் கட்டங்களில் சங்கேதமாக இருக்கிறது என்றேன். உறையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, சாதம் வடிக்கப் போய்விட்டாள்.

மாமனாரை மட்டும் ஒரு தட்டு வென்றது. "நம்ம ஆளுங்க யாரும் இதுல இல்லையா?" என்று கேட்டார். சரண்ஜித் சிங் இருக்கிறாரே! பம்பாய் சினிமா ஸ்டுடியோக்களில் வாசித்தவர். ஜப்பானிய ரோலண்ட் கம்பெனியின் டி.பி.303, டி.ஆர்.808 என்ற மின்னிசைப் பெட்டிகளை வாங்கி 1982-இல் பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் பதிவு செய்தார். அன்றைக்கு விலைபோகவில்லை. அதே 303-ஐ முறுக்கி சிகாகோவின் ஃப்யூச்சர் குழு 'ஆசிட் ட்ராக்ஸ்' கொண்டுவந்தது 1987-இல். சிங்கின் எல்.பி. 2010-இல் மறுபதிப்பாக வந்த பிறகுதான், ஐந்து வருடம் முன்பே பம்பாயில் இந்தச் சத்தம் எப்படி என்று உலகம் வாய் பிளந்தது. என்னிடம் இருப்பது மறுபதிப்புதான். மாமனார் கண்ணை மூடிக்கொண்டார். "மால்கௌன்ஸா? இந்தோளம்டா இது" என்றார். தொடையில் தாளம் விழுந்தது. எனக்கு 'டா' போட்டது அதுதான் முதல் தடவை. "பத்து ராகம், பத்துப் பாட்டு. இதான் மாப்பிள்ளை கணக்கு" என்று சான்றிதழும் கொடுத்தார்.

அந்தத் தைரியத்தில்தான் தமிழ்ச் சங்கப் பொங்கல் விழா நடனப் பயிற்சிக்கு பேஸ்மென்ட்டைத் திறந்துவிட்டேன். நான் சேர்த்த தட்டுகளுக்கு முன்னால் முதன்முறையாக ஆடுகிற கால்கள். 'டென் பெர்சென்ட்' போட்டேன். இடுப்பில் துப்பட்டாவைக் கட்டிக்கொண்டு எல்லோரும் வரிசையில் நின்றார்கள். ஒருத்தி, "அண்ணா, இதுல பாட்டு எப்ப ஆரம்பிக்கும்?" என்றாள். ஆரம்பித்துவிட்டது என்றேன். பிரேக் வந்தது. தனி ஆவர்த்தனத்தின் போது நம் ஜனம் என்ன செய்யுமோ அதைச் செய்தார்கள். மாடியில் பஜ்ஜி இருந்தது. திரும்பி வந்தபோது என் மகள் தன் போனை ஸ்பீக்கரில் இணைத்திருந்தாள். அனிருத் வந்தார். அலமாரி அதிர அதிர ஆடினார்கள். நான் ஊசியை எடுத்து, தட்டைத் துடைத்து, உறையில் போட்டேன்.

ஜெர்சியிலோ பக்கத்திலோ இதைப் படிக்கிறவர்கள் யாராவது பழைய வீடு வாங்கியிருந்தால், முன்பிருந்தவர் பேஸ்மென்ட்டில் விட்டுப்போன தட்டுப் பெட்டிகளைத் தயவுசெய்து குப்பைக்குப் போடாதீர்கள். கோடையில் கராஜில் வைக்க வேண்டாம், வளைந்துவிடும். படுக்கப் போடாமல் நிறுத்தி வையுங்கள். உறையில் படம் இல்லாத மொட்டை வெள்ளை அட்டையா, முதலில் எனக்குச் சொல்லுங்கள். கிறுக்கல், கீறல், ஸ்டிக்கர் எதுவும் பரவாயில்லை. தேய்ந்ததென்றால் ரொம்ப நல்லது. படியில் தூக்கிவர ஆள் வேண்டாம், நானே தூக்குவேன். கொண்டுவந்து தருவதாக இருந்தால் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வாருங்கள், அவளுக்கு அன்றைக்கு வீணை வகுப்பு. மாமனார் இருப்பார். அவரிடம் மட்டும் விலையைச் சொல்லிவிடாதீர்கள்.